ஒக்லாந்தின் ஆட்டத் தலைவர் டேவிட் கல்லஹர்

விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு அவர் பெற்ற வெற்றிகளை எண்ணிக் காட்டுதல் எளிய செயலாகும். வெற்றிகள் காலப்போக்கில் மறக்கப்படும். புதிய வீரர் தோன்றிப் பழைய எண்ணிக்கைகளைக் கடந்து செல்வர். அங்ஙனம் கடந்து சென்ற பின்னரும் ஒருவர் பெயரை ஒரு நாட்டார் நூறாண்டுக்கு மேலாகப் போற்றி வருவாராயின், அதற்குரிய காரணத்தை ஆராய்ந்தறிதல் மாணவர்க்குப் பெரிதும் பயன்படும். நியூசிலாந்து தேசத்து றகர் ஆட்டத் தலைவராக விளங்கிய டேவிட் கல்லஹர் அத்தகையோருள் ஒருவர். அவர் தலைமை தாங்கிய முறையையும், தலைமை நீங்கிய பின் தம் மாகாணத்துக்கு ஆற்றிய தொண்டையும் எம் கல்லூரிப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எடுத்துரைத்தல் இவ்விழா மலருக்குப் பொருத்தமாகும் எனக் கருதி யாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எம் பகுதி மாணவர் உதைபந்தாட்டத்திலும் துடுப்பாட்டத்திலும் தேர்ந்தவர். றகர் ஆட்டமோ அவருட் பலர்க்குப் பழக்கமில்லாதது. ஆதலின் அதன் இயல்பை முதற்கண் சுருக்கமாகக் கூறுவோம். பக்கத்துக்குப் பதினைவராக ஆடப்படும் இவ்வாட்டத்திற் பந்து முட்டை வடிவினது. அதனைக் கையில் ஏந்தி ஓடலாம்; காலால் உதைக்கலாம்; கையால் எறியுமிடத்து மாத்திரம் முன்னோக்கி எறிதல் ஆகாது. எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் அழுத்துதல் ட்ரை எனப்படும். கல்லஹர் காலத்தில் அதற்குரிய புள்ளிகள் 3. ஆட்டம் தடைப்பட்டவிடத்து இரு பக்கத்து முன்னணியினரும் தோளோடு தோள் பிணைந்து குனிந்து நின்று, ஒருவரையொருவர் தள்ளி, நடுவே இடப்பட்ட பந்தைக் காலால் தம் பக்கம் இழுக்க முயல்வர். இது ஸ்கிரம் எனப்படும். இவ்வாட்டம் பிரித்தானியர் வழியாக எம் நாட்டுக்கும் வந்தது. கண்டி நகரத்துக் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1906-ஆம் ஆண்டிலே முதன்முறையாகத் தம்முள் பொருதின.

நியூசிலாந்தில் றகர் ஆட்டம் 1870-ஆம் ஆண்டில் நெல்சன் என்னும் சிறு நகரில் முதன்முதல் ஆடப்பட்டது. பின்னர்ப் பட்டினந்தோறும் கழகங்கள் தோன்றின. கழகங்கள் கூடி மாகாணச் சங்கங்களை அமைத்தன. ஒக்லாந்து மாகாணச் சங்கம் 1883-ஆம் ஆண்டில் எழுந்தது. நாடு முழுவதற்குமுரிய சங்கம் 1892-ஆம் ஆண்டிலேதான் அமைந்தது. அப்பொழுதும் தென்தீவைச் சேர்ந்த கன்ரபெரி, ஒற்றாகோ, சவுத்லாந்து ஆகிய மூன்று சங்கங்களும் தொடக்கத்தில் அதிற் சேர மறுத்து நின்றன. மாகாணம் முந்தியது, தேசிய அணி பிந்தியது என்னும் இவ்வரிசையை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். மாகாணப் பற்று அவ்வாட்டத்தை வளர்த்தது. அப்பற்றே பொறாமைக்கும் இடங்கொடுத்தது. கல்லஹரைப் பெரிதும் சோதித்த நிகழ்ச்சியொன்று அதிலிருந்தே பிறந்தது.

டேவிட் கல்லஹர் 1873-ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30-ஆம் திகதி அயர்லாந்து தேசத்து டொனகல் பகுதியிலுள்ள ரமெல்ரன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் கடை வைத்திருந்தவர். தாயார் மரியா ஆசிரியத் தொழில் புரிந்தவர். நியூசிலாந்தின் வடதீவில் கட்டிகட்டி என்னுமிடத்தில் அயர்லாந்தின் வடபாகத்தாரைக் குடியேற்றும் திட்டமொன்று அக்காலத்தில் நடைபெற்றது. நல்ல நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு அக்குடும்பத்தார் 1878-ஆம் ஆண்டில் லேடி ஜொசலின் என்னும் கப்பலேறினர். அங்குக் கிடைத்த நிலமோ காடு மண்டியது. பயிருக்கு எளிதில் உதவாதது. முதியவராகிய தந்தையாரால் அதனைத் திருத்தி வாழ்தல் அரிதாயிற்று. அந்நிலையில் தாயாரே அவ்வூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியையாக அமர்ந்து, வாரம் 2 பவுண் சம்பளத்தில் குடும்பத்தைத் தாங்கினார். சில ஆண்டுகளின் பின் நோய்வாய்ப்பட்டு வேலையை இழந்த அவ்வம்மையார் 1887-ஆம் ஆண்டிற் புற்றுநோயால் இறந்தார். டேவிட்டுக்கு அப்பொழுது வயது 13. அவர் பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றார்; தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பில் மூத்தோரோடு தாமும் தோள் கொடுத்தார். ஆசிரியை ஒருவரின் உழைப்பால் உயிர் தரித்த குடும்பத்துப் பிள்ளை என்பதனை ஆசிரியராகிய யாம் நன்றியோடு நினைவு கூர்கின்றோம்.

குடும்பம் சிறிது காலத்தில் ஒக்லாந்து நகருக்குப் பெயர்ந்தது. கல்லஹர் முதலில் மாவாலை நிறுவனமொன்றிலும், பின்னர் குளிரூட்டிய இறைச்சியைக் கப்பலேற்றும் நிறுவனமொன்றிலும் தொழிலாளராக அமர்ந்து, காலப்போக்கில் மேற்பார்வையாளராக உயர்ந்தார். நாள்தோறும் பாரஞ் சுமந்த அவ்வேலை அவர் உடலை உரப்படுத்திற்று. ஆறடி உயரமும் அதற்கேற்ற உடற்கட்டும் வாய்ந்த அவர் 1895-ஆம் ஆண்டிற் பொன்சன்பி என்னும் கழகத்திற் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் ஒக்லாந்து மாகாண அணியில் இடம்பெற்றார். 1901-ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்கப் போருக்குச் சென்ற நியூசிலாந்துக் குதிரைப்படையிற் சேர்ந்து, சார்ஜன்ற் மேஜர் பதவி வரை உயர்ந்து, 1902-ஆம் ஆண்டில் மீண்டார். 1903-ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 15-ஆம் திகதி சிட்னி நகரில் அவுஸ்திரேலியாவை எதிர்த்து நியூசிலாந்து தன் முதலாவது டெஸ்ற் ஆட்டத்தை ஆடி 22க்கு 3 என வென்றபொழுது அவ்வணியில் அவரும் ஆடினார்.

1905-ஆம் ஆண்டில் நியூசிலாந்துச் சங்கம் தன் முழு அணியைப் பிரித்தானிய தீவுகளுக்கு அனுப்பத் தீர்மானித்தது. கல்லஹர் தலைவராகவும், சவுத்லாந்து மாகாணத்துச் சப்பாத்துத் தொழிலாளியான பில்லி ஸ்ரெட் துணைத் தலைவராகவும் நியமிக்கப்பட்டனர். கப்பல் கடலிற் சென்றுகொண்டிருக்கையில் அணிக்குள் முணுமுணுப்புத் தோன்றியது. தலைவரை ஆட்டக்காரரே தெரிந்தெடுத்தல் வேண்டும், சங்கம் நியமித்தல் தகாது என்று சிலர் கூறினர். ஒக்லாந்து மாகாணத்தாருக்குச் சலுகை காட்டப்படுகின்றது என்ற ஐயமும் தெற்கத்தியர் சிலர் நெஞ்சில் இருந்தது.

இந்நிலையிற் கல்லஹர் செய்தது யாது? தம்மை நியமித்த சங்கத்தின் ஆணையைக் காட்டி அவர்களை அடக்கியிருக்கலாம். பேசாதிருந்து முணுமுணுப்பைக் காலத்துக்கு விட்டிருக்கலாம். அவர் அணியினர் அனைவர் முன்னிலையிலும் தம் தலைமையைத் துறக்க முன்வந்தார். ஸ்ரெட்டும் துணைத் தலைமையைத் துறக்க இசைந்தார். வாக்கெடுக்கப்பட்டது. 29 பேருள் 17 பேர் நியமனத்தை ஏற்றனர். இது பெரிய பெரும்பான்மையன்று என்பதை யாம் மறைக்கவில்லை. பன்னிருவர் உடன்படாத அணியையே அவர் கரையிறக்கினார். ஆயினும் அந்நாளின் பின் அவர் தலைமை மேலிடத்தார் தந்த பதவியாக நிற்கவில்லை. உடன் ஆடுவோர் தந்த பொறுப்பாயிற்று. அப்பொறுப்பை அவர் கண்டிப்போடு நடத்தினார். கப்பலின் மேற்றளத்திலேயே பயிற்சி நாள்தோறும் நிகழ்ந்தது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும் சிறிது நேரம் ஓய்ந்திருந்து தத்தம் கடமையைச் சிந்தித்தல் வேண்டும் என்பது அவர் விதித்த ஒழுங்கு.

செப்ரெம்பர் 16-ஆம் திகதி முதலாட்டம் டெவன் மாகாண அணியோடு நடைபெற்றது. டெவன் அக்காலத்தில் இங்கிலாந்தின் வலிமிக்க மாகாண அணிகளுள் ஒன்று. நியூசிலாந்து 55 புள்ளிகளும் டெவன் 4 புள்ளிகளும் பெற்றன. தந்தியிற் பிழை நேர்ந்திருத்தல் வேண்டும் என எண்ணிச் சில பத்திரிகைகள் அம்முடிவை மாற்றி அச்சிட்டன என்பர். அதன்பின் வெற்றி மேல் வெற்றி வந்தது. ஸ்கொத்லாந்தை 12க்கு 7 எனவும், அயர்லாந்தை 15க்கு 0 எனவும், இங்கிலாந்தை 15க்கு 0 எனவும் வென்றனர். கறுப்பு உடை அணிந்த அவ்வணியினருக்கு ஓல் பிளாக்ஸ் என்னும் பெயர் உலகறிய வழங்கத் தொடங்கியது இப்பயணத்திலேதான்.

வெற்றியோடு வசையும் வந்தது. அது பெரும்பாலும் தலைவர் ஒருவர் மேலேயே விழுந்தது. மற்றை நாட்டார் ஸ்கிரத்தில் எட்டுப் பேரை நிறுத்த, நியூசிலாந்தார் ஏழு பேரையே நிறுத்தினர். எஞ்சிய ஒருவர் விங் போர்வேட் என்னும் பெயரோடு வெளியில் நின்று, பந்தை ஸ்கிரத்துள் இட்டு, அது பின்வழியே வெளிப்படுங்கால் அதனை எடுக்கும் தம் பக்கத்தவரை எதிரி அணுகாதவாறு காத்து நின்றார். அவ்விடத்தில் ஆடியவர் கல்லஹரே. இது ஆட்ட விதிக்கு முரணான மறிப்பு எனவும், வஞ்சனை எனவும் ஆங்கிலப் பத்திரிகைகள் வாரந்தோறும் சாடின. பார்வையாளர் ஏளனஞ் செய்தனர். இம்முறையை அவர் புதிதாகக் கண்டவரல்லர். நியூசிலாந்தில் முன்னரே அது வழக்கில் இருந்தது. ஆயினும் அதற்குரிய பழியை அவரே சுமந்தார். கண்டித்தோர் கூற்றில் உண்மை சிறிதும் இல்லை என்றும் கூறவியலாது. 1930-களின் தொடக்கத்தில் ஆட்ட விதிகள் திருத்தப்பட்டு அந்நிலை ஒழிந்தது. தாம் விதிக்கு அமைந்தே ஆடுவதாகக் கருதிய ஒருவர், அயலார் நாட்டில் மாதக்கணக்காக வஞ்சகர் எனப் பெயர் கேட்டும் நிதானம் இழவாது நின்றமையே ஈண்டு நாம் நோக்கத்தக்கது.

அந்நிதானத்துக்குரிய பெருஞ்சோதனை டிசெம்பர் 16-ஆம் திகதி வேல்ஸ் தேசத்துக் காடிஃப் நகரிற் காத்திருந்தது. ஏறக்குறைய 47,000 மக்கள் திரண்டிருந்தனர். வேல்ஸ் அணியினர் நியூசிலாந்தாரின் முறையை நுணுகி ஆராய்ந்து வந்திருந்தனர்; தாமும் ஸ்கிரத்திலிருந்து ஒருவரை வெளியில் நிறுத்தினர். மத்தியஸ்தர் ஸ்கிரத்தில் நியூசிலாந்தாரைத் திரும்பத் திரும்பத் தண்டித்தமையால், அங்குப் பந்துக்குப் போட்டியிடுதலைக் கைவிடுமாறு கல்லஹர் தம்மவர்க்குக் கூற நேர்ந்தது. முற்பாதியில் ரெடி மோகன் என்னும் வேல்ஸ் வீரர் ட்ரை ஒன்று பெற்றார். பிற்பாதியிற் பொப் டீன்ஸ் என்னும் நியூசிலாந்து இளைஞர் எல்லைக்கோடு வரை ஓடி வீழ்ந்தார். கோட்டைக் கடந்து பந்தை நிலத்தில் வைத்ததாகவும், வேல்ஸ் வீரர் பின்னோக்கி இழுத்துவிட்டதாகவும் அவர் கூறினார்; கோட்டை எட்டவில்லை என்று வேல்ஸ் வீரர் மறுத்தனர். பின்தங்கி ஓடி வந்த மத்தியஸ்தர் ட்ரை வழங்கவில்லை. ஆட்டம் 3க்கு 0 என முடிந்தது.

டீன்ஸ் பெற்றதாகக் கூறிய அந்த ட்ரை குறித்து இரு நாட்டாரும் ஒரு நூற்றாண்டு கடந்தும் வாதிடுகின்றனர். அன்று தோற்ற அணியின் தலைவரோ வாதிடவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவர் வேல்ஸ் அணியின் தலைவர் குவின் நிக்கல்சைப் பாராட்டினார். செய்தியாளர் வினவியபொழுது, சிறந்த அணியே வென்றது என ஒப்புக்கொண்டார். தாம் ஆடிய எந்த ஆட்டத்தின் மத்தியஸ்தரைப் பற்றியும் கருத்துக் கூறாமை தமது நியமம் என்றும் தெரிவித்தார். வென்றவன் பெருந்தன்மை காட்டுதல் அரிதன்று. நீதி தம் பக்கம் இருப்பதாகத் தம் தோழர் நம்பியிருக்கவும், நாவடக்கித் தோல்வியை ஏற்றல் அரிதினும் அரிது. இவ்வொரு மாலைப்பொழுது இல்லையாயின், கல்லஹர் வரலாற்றை மாணவர்க்கு எழுத யாம் முற்பட்டிரோம்.

தோல்விக்குப் பின் களைப்பும் காயமும் மிகுந்திருந்தும் வேல்ஸ் நாட்டிலேயே எஞ்சிய நான்கு ஆட்டங்களையும் வென்றனர். அவற்றுள் ஸ்வான்சி நகர ஆட்டத்தை 4க்கு 3 என்னும் ஒரு புள்ளியால் வென்றனர். 1906-ஆம் ஆண்டுப் பிறப்பன்று பாரிஸ் நகரிற் பிரான்சை 38க்கு 8 என வென்றனர். பிரான்ஸ் தேசத்துக்கு அதுவே முதலாவது டெஸ்ற் ஆட்டம். வட அமெரிக்க ஆட்டங்களையும் கூட்ட, 35 ஆட்டங்களுள் 34 வெற்றி. பெற்ற புள்ளிகள் 976, கொடுத்தவை 59. கல்லஹரும் ஸ்ரெட்டும் சேர்ந்து தம் நாட்டு ஆட்டமுறையை விளக்கி 300 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலொன்றை அவ்வாண்டில் வெளியிட்டனர். பதின்மூன்று வயதிற் பள்ளி நீங்கிய தொழிலாளியும் சப்பாத்துத் தொழிலாளியும் ஆக்கிய அந்நூல் றகர் ஆட்டம் பற்றிய தலைசிறந்த நூல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகின்றது.

ஊர் திரும்பிய கல்லஹர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டு ஒக்ரோபரில் எலன் பிரான்சிஸ் என்னும் நங்கையை மணந்தார். 1908-ஆம் ஆண்டில் நோரா என்னும் மகள் பிறந்தாள். புகழின் உச்சியில் நின்ற வீரர் பலர் களம் நீங்கியதும் கழகத்தையும் மறந்துவிடுதல் உலக வழக்கு. கல்லஹரோ 1906-ஆம் ஆண்டு தொடக்கம் 1916-ஆம் ஆண்டு வரை ஒக்லாந்து மாகாண அணியின் தனித் தெரிவாளராகவும் பயிற்றுநராகவும் கடமையாற்றினார். பகலிற் கப்பற்றுறையில் வேலை. எஞ்சிய பொழுதிற் கழக ஆட்டங்களைச் சென்று பார்த்தல், இளைஞரை இனங்காணுதல், பயிற்றுதல் என அப்பத்தாண்டுகளும் கழிந்தன.

அத்தொண்டின் பயனை ரான்பேர்ளி கேடயத்தின் வரலாறு காட்டும். அக்காலத்துத் தேசாதிபதியாகிய ரான்பேர்ளி பிரபு வழங்கிய அக்கேடயம் மாகாணங்களுக்குரியது. அதனை வைத்திருக்கும் மாகாணத்தை மற்றொரு மாகாணம் அறைகூவி அழைத்து, வென்றாற் கொண்டு செல்லலாம். 1902-ஆம் ஆண்டில் முதலில் ஒக்லாந்துக்கே அது வழங்கப்பட்டது. 1904-ஆம் ஆண்டிலே முதல் அறைகூவலிலேயே வெலிங்டன் அதனைக் கவர்ந்தது. 1905-ஆம் ஆண்டில் மீட்ட ஒக்லாந்து, 1913-ஆம் ஆண்டில் ரறனாக்கி மாகாணத்திடம் இழக்கும் வரை, தொடர்ந்து 23 அறைகூவல்களை எதிர்த்து அதனைக் காத்தது. 1907 முதல் 1914 வரை தேசிய அணியின் தெரிவாளருள் ஒருவராகவும் கல்லஹர் இருந்தார். இவ்வேலைகளிற் பாராட்டு ஆடுவோர்க்கும், குறை தெரிவாளர்க்கும் உரியன என்பதைக் கல்லூரி அணிகளை நடத்தும் எம் சக ஆசிரியர் நன்கறிவர்.

1914-ஆம் ஆண்டில் உலகப் பெரும் போர் மூண்டது. 1916-ஆம் ஆண்டு மே மாதத்தில், நாற்பது வயதைக் கடந்து, கட்டாயம் ஏதுமற்றிருந்த கல்லஹர் படையிற் சேரப் பெயர் கொடுத்தார். பயிற்சிக்கு அழைக்கப்படும் முன்னரே, ஜூன் மாதம் 3-ஆம் திகதி தம்பி டக்ளஸ் பிரான்சிற் கொல்லப்பட்டார். தம்பியின் மரணத்துக்குப் பழிவாங்கவே அவர் போருக்குச் சென்றார் என்று ஒரு கதை வழங்கும். அவர் பெயர் கொடுத்தது அம்மரணத்துக்கு முன்னராதலின் அக்கதை பொருந்தாது. மனைவியையும் ஒன்பது வயது நிரம்பாத மகளையும் விட்டுச் சென்றது தக்கதோ என வினவுவார்க்கு யாம் விடை கூறவல்லேம் அல்லேம். இளைஞரைக் களத்துக்கு அனுப்பித் தாம் கரையில் நிற்றல் அவர் இயல்புக்கு ஒவ்வாதிருந்தது போலும் என்று மாத்திரம் கூறலாம்.

1917-ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 4-ஆம் திகதி பெல்ஜியம் தேசத்துப் பஷன்டேல் களத்தில், ஒக்லாந்துப் படைப்பிரிவின் சார்ஜன்றாக நின்ற அவர் குண்டுச் சிதறலால் முகத்திற் காயமுற்று அன்றே இறந்தார். நாற்பத்து நான்கு வயது நிறைய இருபத்தாறு நாள்களே இருந்தன. பொப்பரிங் நகருக்கு அண்மையிலுள்ள இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. கல்லில் வயது 41 எனப் பொறிக்கப்பட்டுள்ளது. தென்னாபிரிக்கப் போர்க்காலம் தொட்டே படைப்பதிவில் அவர் வயது குறைத்து எழுதப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டில் மற்றொரு தம்பியாகிய ஹென்றியும் போரில் மாண்டார். ஒரு தாய் வாரம் 2 பவுண் சம்பளத்தில் ஊட்டி வளர்த்த மக்களுள் மூவர், இவ்வாறு மூன்று ஆண்டுகளில் அயல்மண்ணிற் புதையுண்டனர்.

ஒக்லாந்து மாகாணச் சங்கம் 1922-ஆம் ஆண்டில் தன் கழகங்களுக்கிடையிலான போட்டிக்குக் கல்லஹர் கேடயம் என்னும் பரிசை ஏற்படுத்தியது. 2000-ஆம் ஆண்டிலிருந்து நியூசிலாந்தும் பிரான்சும் அவர் பெயரால் அமைந்த கிண்ணத்துக்காகப் பொருதுகின்றன. 2005-ஆம் ஆண்டில் அவர் பிறந்த டொனகல் பகுதியில் லெற்றர்கெனிக் கழகத்து ஆட்டக்களம் அவர் பெயரைப் பெற்றது. 2011-ஆம் ஆண்டில் ஒக்லாந்தின் ஈடன் பார்க் அரங்கில் அவர்தம் வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. இவற்றுள் முதலாவதாகிய கேடயமே அவர் மனத்துக்கு உவப்பானதாய் இருந்திருக்கும் என்பது எம் எண்ணம். அது பேரரங்குகளுக்குரியதன்று, அவர் தொடங்கிய இடமாகிய கழக ஆட்டத்துக்குரியது.

மாணவர்களே, நுங்களுள் அணித்தலைவராவார் சிலரே. ஆதலின் தலைமையை மாத்திரம் வியந்து இவ்வரலாற்றை மூடிவிடுதல் வேண்டா. தலைமையை விட்டுக்கொடுக்க முன்வந்த கப்பற் பயணத்தையும், தீர்ப்பை ஏற்று நாவடங்கிய காடிஃப் மாலையையும், புகழ் ஓய்ந்த பின் பத்தாண்டு பிறரைப் பயிற்றிய உழைப்பையும் நினைமின்கள். பழைய மாணவர்களாகிய நீங்கள் கல்லூரிக் களத்தை விட்டுப் பல்லாண்டு கடந்தவர்கள். கல்லஹர் தம் மாகாணத்துக்கு நெடிது உழைத்த காலம் அவர் களத்தை விட்ட பின்னரே தொடங்கியது என்பதை, இவ்விழா நாளில் உங்கள் சிந்தனைக்கு விடுத்து யாம் அமைகின்றோம்.